ஆய்வகத்தில் எதை எண்ணலாம்?

"லேப் என்பது ஒரு சின்னக் கம்பெனி மாதிரி, நீங்கள்தான் அதன் முதலாளி." புதிதாக ஆய்வகம் தொடங்கப்போகிறவர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்புகளில் இந்த வாக்கியம் எப்படியும் வந்துவிடும். மாணவராக இருந்தபோதும், போஸ்ட்டாக்காக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக) இருந்தபோதும், பிறகு ஓர் உயிர்வேதியியல் ஆய்வகத்தின் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியபோதும் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசில் பாதி ஆமாம் என்கிறது, மீதிப் பாதி சண்டைக்கு வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் ரொம்ப நாளாகப் பிடிபடாமல் இருந்தது. இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆமாம் என்கிற பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத் தலைவர் என்ன வேலை செய்கிறார்? ஆள் எடுக்கிறார், கிராண்ட் பணம் எந்த மாதத்தோடு தீரும் என்று கணக்குப் போடுகிறார், பழைய கருவியைப் பழுது பார்ப்பதா புதிதாக வாங்குவதா என்று முடிவெடுக்கிறார், கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்று இரண்டு பேருக்குள் வரும் தகராறைத் தீர்த்துவைக்கிறார். இதில் ஒன்றையாவது யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பரிசோதனை நன்றாகச் செய்தார், நல்ல கட்டுரைகள் எழுதினார், அதற்காகப் பத்துப் பேரின் எதிர்காலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். வில்லியம் ஷாக்லியின் கதை தெரிந்ததுதான். டிரான்சிஸ்டருக்காக 1956-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், அதே காலத்தில் கலிபோர்னியாவில் தனியாகக் குறைகடத்தி ஆய்வகம் தொடங்கினார். திறமையான இளைஞர்களைக் கண்டுபிடிக்கும் கண் அவருக்கு இருந்தது, அவர்களை நம்பும் மனசுதான் இல்லை. 1957-ல் அவர்களில் எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் இருவர், ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும், 1968-ல் இன்டெலைத் தொடங்கினார்கள். அவ்வளவு திறமையும் அவர் கையை விட்டுப் போனதற்கு இயற்பியல் காரணம் இல்லை.

அதனால் "நாங்கள் அறிவியல் செய்கிறோம், நிர்வாகமெல்லாம் எங்களுக்கு எதற்கு" என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பெருமைக்கான விலையை அவர்கள் கொடுப்பதில்லை, அவர்களுடைய மாணவர்கள் கொடுக்கிறார்கள்.

ஃப்ரீசரில் தொடங்கும் நிர்வாகம்

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்து காட்டச் சொன்னால் போதும், அந்த ஆய்வகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். பனி மூடிய பெட்டிகள், பாதி அழிந்துபோன எழுத்து, "புதியது", "புதியது 2", "இதைத்தான் எடுக்கவும்" என்று மூடியில் எழுதிய குழாய்கள், எப்போதோ கிளம்பிப் போய்விட்ட ஒருவரின் பெயரெழுத்துகள். இதை வெறும் ஒழுங்கீனம் என்று விட்டுவிட முடியாது, இது அறிவியலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும் பிழை. 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு மனிதர்களின் வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்தவை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த பல செல் லைன்கள் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள்) ஒரே மரபு அடையாளத்தைக் காட்டுகின்றன என்று சொன்னார். எல்லாவற்றிலும் ஹீலா செல்கள் (ஒரு பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்த, வேகமாக வளரும் செல்கள்) புகுந்து, இருந்ததை அழித்துவிட்டுத் தாங்களே வளர்ந்திருந்தன. கல்லீரல் செல் என்று நினைத்து, குடல் செல் என்று நினைத்து, ஒருவர் வருடக்கணக்கில் வேலை செய்திருக்கலாம், செய்தது முழுக்க ஹீலாவில். அந்தக் கலப்படம் இன்றுவரை முழுசாக ஒழியவில்லை. குழாயில் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது, யார் எப்போது சரிபார்த்தார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதிவைக்கிற சாதாரணப் பதிவேடு இதில் பெரும்பகுதியைத் தடுக்கும்.

தொழிற்சாலைகள் இந்த விஷயத்தில் நம்மைவிட எவ்வளவோ முன்னால் போய்விட்டன. டயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறையை ஓர் ஆய்வக அலமாரிக்குக் கொண்டுவர ஒரு மதியம் போதும். ஒவ்வொரு ரீஏஜென்டிலும் (பரிசோதனைக்கான வேதிப்பொருளிலும்) கடைசிக்கு முந்தைய பாட்டிலின் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டிவிட வேண்டும். அந்தப் பாட்டிலைத் திறக்கிறவர் அட்டையைக் கழற்றி ஆர்டர் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். மென்பொருள் வேண்டாம், மீட்டிங் வேண்டாம். பரிசோதனையின் நடுவில் நின்றுகொண்டு "கடைசியாக எடுத்தது யார்" என்று கத்துவது இதோடு நின்றுவிடும். எந்த அறிவியல் சுதந்திரமும் இதனால் குறைந்துவிடப் போவதில்லை.

வேலையை விட்டுப் போகிறவர்கள் விஷயமும் இதில்தான் சேரும். கம்பெனியில் ஒருவர் விலகும்போது கையிலிருப்பதை ஒப்படைக்காமல் விட மாட்டார்கள். ஆய்வகத்தில் நல்லபடியாக வழியனுப்பி வைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து அவருடைய தரவு எந்த ஹார்டு டிஸ்கில் இருக்கிறது என்று தேடுவோம். 2 முதல் 22 ஆண்டுகள் பழைய 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு அவற்றின் தரவைக் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2014-ல் வெளிவந்தது. தரவு இன்னும் இருக்கிறது என்று பதில் வருவதற்கான வாய்ப்பு, கட்டுரைக்கு ஒரு வயது கூடக்கூட 17 சதவீதம் குறைந்துகொண்டே போயிருந்தது. ஓர் ஆய்வகம் பணம் கொட்டி உருவாக்கும் சொத்து அது. கிளம்புகிறவர் தன் தரவையும் குழாய்களையும் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்த பிறகுதான் கடைசிக் கையெழுத்து என்று ஒரு விதி வைத்தால் போதும். நான் பார்த்த ஆய்வகங்களில் பாதிக்கு மேல் அது கிடையாது.

வரிசையின் கணக்கு

பொருட்களைத் தாண்டி, வேலைகளை எப்படி ஓட்டுவது என்பதிலும் நிர்வாகவியல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு காலத்தில் முடிந்து வெளியே போகும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எவ்வளவு காலம் உள்ளே கிடக்கிறது என்பது வரும். ஓர் ஆய்வகம் வருடத்துக்கு 4 ஆய்வுகளை முடிக்கிறது, கையில் 12 ஓடிக்கொண்டிருக்கின்றன என்று வையுங்கள். சராசரியாக ஒவ்வொன்றுக்கும் 3 வருடம். முடிக்கும் வேகம் அப்படியே இருக்க, கையிலிருப்பதை 8 ஆக்கினால் 2 வருடம். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த ஆய்வகத் தலைவரிடம் போய் 4 ப்ராஜெக்ட்களை மூடி வையுங்கள் என்று சொல்வது? புதிய யோசனை வந்தவுடன் ஒரு மாணவர் கையில் கொடுத்து "சும்மா ஒரு கை பாருங்கள்" என்று ஆரம்பித்துவிடுவது அவர்களுடைய சுபாவம், அந்த ஆர்வம் இல்லையென்றால் அவர்கள் அந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு கைதான் மற்ற பதினொன்றையும் பின்னால் தள்ளுகிறது. யாருக்கும் தனியாக வலிக்காததால் யாரும் கவனிப்பதில்லை.

இன்னொன்று, கருவிகள். ஒரு விலையுயர்ந்த மைக்ரோஸ்கோப் வாங்கினால் அது ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று நினைப்போம். வரிசைக் கோட்பாடு வேறு மாதிரி சொல்கிறது. வேலைகள் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து சேர்கின்றன, கருவி ஒன்றுதான் என்ற மிக எளிய மாதிரியிலேயே, கருவி 50 சதவீதம் பயன்பாட்டில் இருக்கும்போது ஒருவர் சராசரியாக ஒரு வேலை நேரத்தின் அளவுக்குக் காத்திருக்கிறார். 80 சதவீதத்தில் அது 4 மடங்கு, 90-ல் 9 மடங்கு, 95-ல் 19 மடங்கு. முன்பதிவு வைத்தால் நிலைமை கொஞ்சம் மேம்படும், ஆனால் வளைவு அதே வளைவுதான். மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். காலண்டரில் ஓர் அரை நாள்கூடக் காலி இல்லாத ஆராய்ச்சியாளருக்கு, நேற்று, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெரிந்த விசித்திரமான பட்டையைத் துரத்திப் போக எங்கே நேரம்? எல்லோரும் எப்போதும் பிஸி என்பதைத் தலைவர்கள் நல்ல சேதியாக எடுத்துக்கொள்கிறார்கள். நிர்வாகம் ஒழுங்காகப் படித்தவருக்கு அது ஆபத்து மணி.

பல ஆய்வகங்களில் உண்மையான முட்டுக்கட்டை கருவியே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது தலைவரின் மேசை. முடிந்த கட்டுரைகள் அவர் படிப்பதற்காக மாதக்கணக்கில் அங்கே காத்துக்கிடக்கும். நிர்வாகச் சிந்தனையாளர் எலியாஹு கோல்ட்ராட் சொன்ன முறைப்படி பார்த்தால், ஓர் அமைப்பின் வேகத்தை அதன் மிக இறுக்கமான இடம்தான் தீர்மானிக்கிறது, மற்ற இடங்களை எவ்வளவு வேகப்படுத்தினாலும் அந்த இடத்துக்கு முன்னால் குவியல்தான் கூடும். மாணவரை ராத்திரி பகலாக வேலை செய்யச் சொல்லிவிட்டு அவர் எழுதிய வரைவை மாதக்கணக்கில் படிக்காமல் வைத்திருப்பவர், குவியலைத் தானே பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார். வாரத்தில் ஒரு காலைப் பொழுதை வரைவுகளுக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் போகாமல் இருந்த ஒரு தலைவரிடம் வேலை செய்திருக்கிறேன். அந்த ஆய்வகம் பெரியதும் இல்லை, பணக்கார ஆய்வகமும் இல்லை, ஆனால் யாருடைய வேலையும் அங்கே ஊசிப்போகவில்லை.

சிவப்புக் கட்டம்

இவ்வளவு தூரம் வந்த பிறகு, சண்டைக்கு வருகிற பாதிக்கு என்ன காரணம் என்று சொல்ல வேண்டும். போஸ்ட்டாக்காக இருந்த ஓர் ஆய்வகத்தில் நடந்தது இது. எங்கள் தலைவர் நல்லவர், மாணவர்கள் மேல் அக்கறை உள்ளவர், ப்ராஜெக்ட்கள் இழுத்துக்கொண்டே போவது அவருக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. ஒரு நிர்வாகப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டினார். ஒவ்வொருவரின் பெயருக்கும் நேராக அந்த மாதத்துக்கான இலக்குகள். முடிந்தால் பச்சை, தாமதம் என்றால் மஞ்சள், தடைப்பட்டால் சிவப்பு. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் நின்றபடி தங்கள் கட்டத்தின் நிறத்தைச் சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் காரணமும், எப்போது சரியாகும் என்ற தேதியும்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. யார் என்ன செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது, மீட்டிங் சீக்கிரம் முடிந்தது. மெல்ல மெல்லத்தான் இன்னொன்று தெரிய ஆரம்பித்தது. முன்பெல்லாம் லேப் மீட்டிங்கில் யாராவது அசிங்கமான ஒரு ஜெல் படத்தைத் திரையில் போட்டு "இது என்னவென்றே புரியவில்லை" என்பார்கள், அதன் மேல் அரை மணி நேரம் சண்டை நடக்கும், அந்தச் சண்டையில்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். பலகை வந்த பிறகு ஸ்லைடுகள் சுத்தமாகிவிட்டன. புரியாத படம் என்பது மஞ்சள் கட்டத்துக்கான ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டதால் யாரும் அதைக் கொண்டுவரவில்லை. யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டார்கள்.

அந்தச் சமயத்தில் நாங்கள் அதிகம் பயன்படுத்திய ஓர் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்துக் காட்டும் பொருள்) தீர்ந்து புதிய லாட், அதாவது புதிய தயாரிப்புத் தொகுதி, வந்தது. பாலிகுளோனல் வகை, விலங்குகளின் ரத்தத்திலிருந்து எடுப்பது, லாட்டுக்கு லாட் மாறக்கூடியது. ஒரு பிஎச்டி மாணவிக்குப் புதிய லாட்டில், என்ன வரும் என்று முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரியிலேயே பட்டை விழவில்லை. தன் கைதான் சரியில்லை என்று நினைத்து மறுபடி செய்தார், மறுபடியும் விழவில்லை. இன்னொருவர் பெட்டியில் பழைய லாட்டில் கொஞ்சம் மிச்சமிருந்தது, அதை வாங்கிச் செய்தார், வந்துவிட்டது. கட்டம் பச்சை. அதே வாரங்களில் ஒரு போஸ்ட்டாக்குக்கும் அதே பிரச்சினை, அவரும் அதே வழியில் போனார், பலகையில் "முறையைச் செம்மைப்படுத்துகிறேன்" என்று மஞ்சளில் எழுதி, அடுத்த வாரம் பச்சை ஆக்கினார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசைகள். மூன்றாவதாக ஒருவர் புதிதாகச் சேர்ந்தவர், பழைய லாட்டைப் பார்த்தே இராதவர், புதிய லாட்டை மட்டும் வைத்து வேலையை ஆரம்பித்திருந்தார். அவருடைய மாதிரிகளில் புரதம் குறைந்துகொண்டே போவதாகத் தெரிந்தது, அது ஒரு சுவாரசியமான முடிவு, அவருடைய கட்டம் முழுக்கப் பச்சை, பலகையிலேயே அழகான வரிசை அவருடையதுதான்.

இதைக் கண்டுபிடித்தது எங்கள் டெக்னீஷியன். பல வருடங்களாக ஸ்டாக் பதிவேட்டை வைத்திருப்பவர், மீட்டிங்கில் வாய் திறக்காதவர். யார் எந்தக் குழாயை எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்று லாட் எண்ணோடு எழுதும் பழக்கம் அவர் கொண்டுவந்தது. ஒரு திங்கட்கிழமை எல்லோரும் பச்சை பச்சை என்று சொல்லி முடித்த பிறகு பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, புது லாட் வந்ததிலிருந்து ரெண்டு பேர் அதைத் தொடவே மாட்டேங்கறீங்க, பழசையே சுரண்டிச் சுரண்டி எடுக்கறீங்க. அதுல ஏதாவது கோளாறா?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்த மாணவி சொன்னார், உடனே போஸ்ட்டாக்கும் சொன்னார், மூன்றாமவரின் முகம் மாறியது. இரண்டு லாட்களையும் ஒரே மாதிரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் புதியது எங்கள் புரதத்தை ஒழுங்காகப் பிடிக்கவே இல்லை, மங்கலாக வேறெதையோ பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாமவரின் அத்தனை மாத வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது.

பதிவேடும் நிர்வாகம்தான், பலகையும் நிர்வாகம்தான், இரண்டும் தொழிற்சாலையிலிருந்து வந்தவைதான். ஒன்று மறைத்ததை இன்னொன்று காட்டிக்கொடுத்தது. இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நாள் நின்றுகொண்டிருந்தேன். பதிவேடு குழாய்களை எண்ணியது. எண்ணப்படுகிறோம் என்பதற்காகக் குழாய் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. பலகை மனிதர்களை, அதிலும் அவர்களுடைய இன்னும் முடிவாகாத சந்தேகங்களை எண்ணப் பார்த்தது. பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னது, பிறகு எல்லாத் துறைக்கும் பரவியது, இதுதான்: ஓர் அளவுகோலை வைத்து ஆட்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் அது எதைக் காட்டிக்கொண்டிருந்ததோ அதைக் காட்டுவதை நிறுத்திவிடும்.

பாதியை மட்டும் கடன் வாங்கினால்

ஆனால் இதை வைத்து "பார்த்தீர்களா, பிசினஸ் முறைகள் அறிவியலுக்கு ஆகாது" என்று முடிக்க எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அது நியாயம் இல்லை. எங்கள் பலகை டயோட்டாவிலிருந்து நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அங்கே அசெம்பிளி லைனில் நிற்கும் தொழிலாளி, ஏதோ சரியில்லை என்று பட்டால் 'ஆண்டான்' (andon) என்ற எச்சரிக்கைக் கயிறை இழுக்கலாம். இழுத்தால் குழுத் தலைவர் ஓடிவந்து என்ன என்று கேட்பார், அங்கேயே சரிசெய்ய முடியவில்லை என்றால் லைனே நிற்கும். அங்கே சிவப்பு விளக்கு உதவிக்கான அழைப்பு, இழுத்தவருக்கு அதில் அவமானம் இல்லை. எங்கள் பலகையில் சிவப்பு என்றால் விளக்கம் கேட்பார்கள். வடிவம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் உறவு தலைகீழ்.

இன்னும் பின்னோக்கிப் போனால் இந்த முறைகளில் பலவும் அறிவியலிலிருந்தே தொழிலுக்குப் போனவை. தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-ல் முதலில் வரைந்த வால்டர் ஷூவார்ட் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், 1925-லிருந்து பெல் ஆய்வகத்தில் இருந்தவர். அவரிடம் கற்றுக்கொண்ட எட்வர்ட்ஸ் டெமிங்கும் கணித இயற்பியலில் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அளவீட்டில் எப்போதும் இருக்கும் இயல்பான ஏற்ற இறக்கம் எது, புதிதாக ஏதோ நடந்துவிட்டது என்று சொல்லும் மாற்றம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஷூவார்ட்டின் கேள்வி, இதைவிட அறிவியல்பூர்வமான கேள்வி உண்டா? டெமிங் நிர்வாகிகளுக்குச் சொன்ன 14 அம்சங்களில் ஒன்று, வேலையிடத்திலிருந்து பயத்தை விரட்டுங்கள் என்பது. இன்னொன்று, எண் இலக்குகளைக் கைவிடுங்கள் என்பது. நிர்வாகத்தின் பெயரால் ஆய்வகத்துக்குள் வருகிறவர்கள் இந்த இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டு, டெமிங் வேண்டாம் என்று சொன்னதைத்தான் உள்ளே எடுத்துவருகிறார்கள்.

மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் ஷூவார்ட்டின் வரைபடம் 1950-லிருந்தே இருக்கிறது, லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் அதை அங்கே கொண்டுவந்தார்கள். தினமும் ஒரே கன்ட்ரோல் மாதிரியை ஓட்டி, வந்த எண்ணை ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே போவார்கள், புள்ளி எல்லை தாண்டினால் அன்றைய முடிவுகளை வெளியே விட மாட்டார்கள். ஆராய்ச்சி ஆய்வகங்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? எங்கள் ஆன்டிபாடிக்கு இப்படி ஒரு வரைபடம் இருந்திருந்தால் புதிய லாட் வந்த முதல் நாளே புள்ளி கீழே விழுந்திருக்கும், யாரும் தன் கையைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டாம். ஆட்களுக்கு வைத்த பலகையைக் கன்ட்ரோல் மாதிரிகளுக்கு வைத்திருக்கலாம்.

எப்போது நிறுத்துவது

எண்ணிக்கையைக் கைவிட்டதால் லாபம் அடைந்தது ஒரு கம்பெனியே என்பதையும் சொல்கிறேன். மருந்து நிறுவனமான ஆஸ்ட்ராசெனெகா, 2005 முதல் 2010 வரையிலான தன் ப்ராஜெக்ட்கள் ஏன் தோற்றன என்று தானே உட்கார்ந்து ஆராய்ந்து 2014-ல் அதை வெளியிட்டது. ஆராய்ச்சிக் குழுக்களை, எத்தனை மருந்து மூலக்கூறுகளை அடுத்த கட்டத்துக்குத் தள்ளினார்கள் என்ற எண்ணிக்கையால் அளந்தது ஒரு முக்கியமான சிக்கல் என்று அவர்களே எழுதினார்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும், பலவீனமான ப்ராஜெக்ட்டும் முன்னால் தள்ளப்படும். அதை மாற்றி, இலக்கு சரியானதா, மருந்து சரியான திசுவைச் சேர்கிறதா, பாதுகாப்பானதா என்பது போன்ற கேள்விகளுக்குக் கடுமையாகப் பதில் தேடும் முறைக்கு வந்தார்கள். மருந்தாகத் தேர்வான மூலக்கூறு மூன்றாம் கட்டச் சோதனையை முடிக்கும் விகிதம் 2005–2010 காலத்தில் 4 சதவீதமாக இருந்தது, 2012–2016 காலத்தில் 19 சதவீதம் ஆனது. கம்பெனிகள் பட்டுத் தெளிந்து விட்டொழித்ததை ஆய்வகங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் ஏன் சுவரில் மாட்ட வேண்டும்?

இந்தப் பேச்சு வரும்போது எதிர்ப்பக்கத்தில் உடனே மாக்ஸ் பெருட்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஹீமோகுளோபினின் அமைப்பைத் தேடி 1937-ல் ஆரம்பித்தவர், அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்தது 1959-ல், நோபல் பரிசு 1962-ல். எந்தப் பலகையில் வைத்திருந்தாலும் பெரும்பாலான வருடங்கள் சிவப்பாகவே இருந்திருக்கும். எனக்கும் பெருட்ஸ் பிடிக்கும். ஆனால் இருபது வருடம் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை ஒன்றும் கிடைக்காமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பெருட்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. கேம்பிரிட்ஜில் 1962-ல் திறந்த மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தை அவர் நடத்திய விதம். குழுக்கள் சின்னவை, கருவிகள் பொது, உணவகம் எல்லோரும் வந்து உட்கார்ந்து பேசும் இடமாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டார், அதை நடத்தியவர் அவருடைய மனைவி கிசெலா. அவர் நிர்வாகம் செய்யாமல் இருக்கவில்லை. எதை நிர்வகிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். யார் யாரைச் சந்திக்கிறார்கள், கருவிக்கு யார் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் ஏற்பாடு செய்தார். யாருக்கு என்ன யோசனை எப்போது வர வேண்டும் என்று ஏற்பாடு செய்யவில்லை.

இருந்தாலும் ஒரு வேலையை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது, இதற்கு நான் கண்ட சுமாரான வழி ஒன்றுதான். தொடங்கும் முன்பே, எந்த முடிவு வந்தால் இதை விட்டுவிடுவோம் என்று எழுதிவைத்துக்கொள்வது. தொடங்கிய பிறகு எழுத முடியாது, அதற்குள் பாசம் வந்துவிடும். அப்படி எழுதிவைத்தால், நிறுத்துவது மாணவரின் தோல்வி ஆகாது, அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் ஆகும். அவருடைய வருடங்கள் வீண் என்று யாரும் சொல்லவும் முடியாது. இங்கேதான் கம்பெனி என்ற ஒப்பீடு எனக்கு முற்றிலும் உடைகிறது. கம்பெனியில் பொருள் விற்றால் போதும், செய்தவர் என்ன ஆனார் என்பது அடுத்த விஷயம். ஆய்வகத்திலிருந்து வெளியே போகும் மாணவர், தனியாக ஒரு கேள்வி கேட்டு அதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவராகப் போகவில்லை என்றால், கட்டுரை எத்தனை வந்தாலும் அந்த ஆய்வகம் தன் வேலையைச் செய்யவில்லை.

பதிவேட்டை வைத்திருப்பவர்

எங்கள் பலகையை அப்புறம் எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான், எடுக்கவில்லை. அதில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்ந்தது, "இந்த வாரம் புரியாதது" என்று. தலைவர்தான் முதலில் அதில் தன்னுடையதை எழுதினார், அதனால்தான் மற்றவர்களும் எழுதினார்கள் என்று நினைக்கிறேன். நிறங்கள் மெல்ல மெல்லத் தானாகவே நின்றுபோயின.

ஆனால் அந்த டெக்னீஷியனின் பதவி கிராண்டோடு கட்டப்பட்டது. கிராண்ட் முடிந்தபோது அவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. அதே வருடம் புதிய கருவி ஒன்றுக்குப் பணம் கிடைத்தது, ஏனென்றால் கருவிக்குப் பணம் கேட்க விண்ணப்பத்தில் இடம் இருக்கிறது, பதிவேட்டை லாட் எண்ணோடு பல வருடம் வைத்திருக்கும் ஆளுக்குக் கேட்க இடம் இல்லை. நிதி கொடுக்கிறவர்களும் நிறுவனங்களும் ஆய்வகங்களைக் கம்பெனி மாதிரி நடத்தச் சொல்வதாக இருந்தால் இங்கிருந்து தொடங்கட்டும். எந்தக் கம்பெனியும் தன் கிடங்குக்குப் பொறுப்பானவரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்தவர் எல்லாவற்றையும் புதிதாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடாது. அவருடைய பதிவேடு இன்னும் அலமாரியில் இருக்கிறது என்றுதான் கேள்விப்பட்டேன். அதைத் தொடர்ந்து எழுத ஒருவருக்கு நிரந்தரச் சம்பளம் வேண்டும், இதை நான் கேட்க முடிந்த இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.